முறை வந்தால் எடு, முறை முடிந்தால் விடு
சுழற்சி என்ற சொல்லின் சரித்திரம்



"ரொட்டேசன்" என்ற ஆங்கிலச் சொல் எங்கட வீடுகளுக்குள் எத்தனை வாசலால் நுழைகிறது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ. மகள் கணக்குக் கொப்பியில் ஒரு முக்கோணத்தை 90 பாகை திருப்பி வரைகிறாள். மகன் சரித்திரப் பாடத்தில் நோர்ஃபோக் கமக்காரர் பயிர் மாற்றிய கதையைப் படிக்கிறான். தகப்பன் வேலைத்தலத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் ரோட்டாவைப் பார்த்து, வாற கிழமை இரவு வேலையோ பகல் வேலையோ என்று கேட்டுக்கொண்டு வருகிறார். தாய் சீட்டுக் காசை எண்ணிக் கடித உறைக்குள் வைக்கிறா. அந்தச் சீட்டுக்கும் மேலைத்தேயப் பண்டிதர்கள் வைத்த பெயரில் இதே சொல்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழிலோ இதற்குக் குறைந்தது இரண்டு சொல் வேணும். பூமி செய்வது சுழற்சி. கிணற்றில், கோயிலில், சீட்டில், சங்கத்தில் மனிசர் செய்வது முறை. சுழற்சி தானாக நடக்கும். முறை, நாங்கள் நடத்தினால்தான் நடக்கும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

சில்லும் தேரும்

லத்தீன் மொழியில் "ரோட்டா" என்றால் சில்லு. அதில் இருந்து பிறந்ததுதான் ரொட்டேசன். வேலைத்தலத்து ரோட்டாவும் அதே சொல்தான். பெயர்கள் சில்லு மாதிரிச் சுற்றிச் சுற்றி வருவதால் வந்த பெயர். சமஸ்கிருதத்தில் தேருக்கு "ரத" என்று சொல்வதும் இதே பழைய வேரில் இருந்து வந்தது என்று மொழியியல் அறிஞர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே எங்கட கோயில் ரதமும், சூப்பர் மார்க்கெற் ரோட்டாவும் தூரத்துச் சொந்தக்காரர். 1905ஆம் ஆண்டு சிக்காகோவில் தொடங்கிய ரோட்டரிக் கழகத்தின் பெயரும் இப்படி வந்ததுதான். ஆரம்பத்தில் அங்கத்தவர்கள் கூட்டத்தை ஒவ்வொருவருடைய கந்தோரிலும் மாறி மாறி வைத்தார்கள்.

தமிழில் "முறை" என்ற சொல்லைப் பாருங்கோ. அதற்கு மூன்று பொருள். "இண்டைக்கு ஆற்ற முறை?" என்றால் தவணை. "இது முறையோ?" என்றால் நீதி. "அவர் உனக்கு என்ன முறை?" என்றால் உறவு. வரிசை, நீதி, உறவு மூன்றையும் எங்கட பாட்டன் பூட்டன்மார் ஒரே சொல்லுக்குள் வைத்தார்கள். இன்னொன்றும் உண்டு. முறை தவறினால் நாங்கள் செய்வது முறைப்பாடு. இலங்கைப் பொலிசு நிலையத்தில் எழுதிக் கொடுக்கிற அந்தச் சொல்லுக்குள்ளேயே தவறிப்போன முறை இருக்கிறது.

பூமிக்கு ஆள் தேவையில்லை

முதலில் தானாக நடக்கிற சுழற்சியைப் பார்ப்போம். கி.பி. 499ஆம் ஆண்டு, 23 வயதில், ஆரியபடர் தம்முடைய நூலில் பூமிதான் சுழலுகிறது என்று எழுதினார். ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் உள்ள மரங்கள் பின்னுக்குப் போவது போலத் தெரிகிறது அல்லவா, அதைப் போலத்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவதாக எங்களுக்குத் தெரிகிறது என்பது அவர் காட்டிய உவமை. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் பூமி 158,22,37,500 தரம் சுழலுகிறது என்று கணக்கும் வைத்தார். அந்தக் கணக்கின்படி ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. இன்றைக்கு விஞ்ஞானிகள் சொல்வதும் அதேதான். ஆனாலும் அவருக்குப் பிறகு வந்த பிரம்மகுப்தர் போன்ற பெரிய கணிதர்கள் பூமி சுழலுகிறது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐரோப்பாவிலும் 1851இல் பூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்து மண்டபம் ஒன்றில் நீண்ட கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டிய பிறகுதான், பொதுசனம் அந்தச் சுழற்சியைக் கண்ணால் கண்டது.

பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் எடுக்கும். உலகத்து நேரம் முழுவதற்கும் தொடக்கக் கோடு, 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டின் முடிவுப்படி, எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரீனிச் வழியாகப் போகிறது. நோர்பரி அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே இருக்கிறது. ஆகவே சூரியன் கிரீனிச்சில் உச்சிக்கு வந்து ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துத்தான் எங்கட தலைக்கு நேரே வருகிறது. யாழ்ப்பாணம் 80 பாகை கிழக்கே. அங்கே எங்களுக்கு 5 மணி 20 நிமிடம் முந்தியே மத்தியானம்.

மணிக்கூட்டில் மட்டும் அது அரசாங்கம் சொல்கிறபடி. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்து, 2006 ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிப் பழைய ஐந்தரைக்கே கொண்டு வந்தார்கள். அந்தப் பத்து வருடமும் "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்டுத்தான் ஊருக்கு ரெலிபோன் எடுத்தோம். பூமி என்னவோ ஒரு வினாடியும் பிசகாமல் தன்பாட்டில் சுழன்றுகொண்டுதான் இருந்தது.

சந்திரனைப் பற்றியும் ஒரு சொல். சந்திரன் தன்னைத்தான் ஒருக்கால் சுழலுவதற்கும் பூமியை ஒருக்கால் சுற்றி வருவதற்கும் ஒரே அளவு நாள், 27 நாளும் கொஞ்சமும், எடுக்கிறது. அதனால் அதன் ஒரு முகம்தான் எப்போதும் எங்களுக்குத் தெரிகிறது. குரோய்டனில் எங்களில் கனபேர் கோப்புக்களோடு வரிசையில் நின்ற லூனர் ஹவுஸ் கட்டிடத்துக்கு, மனிதன் சந்திரனில் காலடி வைத்த காலத்தில் அந்தப் பெயர் வைத்தார்கள். பெயரின் கருத்துத் தெரியாமலே அந்த வாசலால் ஏறி இறங்கியவர்கள் இனிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வருடம் திரும்புகிறது

சித்திரைப் புத்தாண்டும் ஒரு சுழற்சிதான். சூரியன் மேட ராசிக்குள் புகும் நேரம் வருடப் பிறப்பு. ஒரு வருடம் 365 நாளோடு முடிவதில்லை. அதற்கு மேல் 6 மணித்தியாலமும் சில நிமிடமும் இருக்கிறது. அதனால்தான் போன வருடம் காலையில் பிறந்த புத்தாண்டு இந்த வருடம் பின்னேரம் பிறக்கிறது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் அந்தச் சில நிமிடத்தை வேறு வேறாகக் கணிப்பதால் இரண்டும் ஒரே நேரம் சொல்வதில்லை. எந்த நேரத்துக்கு மருத்துநீர் வைத்து முழுகுவது, எப்போது கைவிசேடம் கொடுப்பது என்று ஒவ்வொரு வருடமும் நடக்கிற விவாதத்துக்குக் காரணம் இதுதான்.

பிள்ளைகள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். இரவும் பகலும் சமமான நாள் மார்ச் 20 அல்லது 21. சூரியன் மேடத்துக்கு வருவது அன்றைக்குத்தானே இருக்க வேணும், ஏன் ஏப்ரல் 14? காரணம் இன்னொரு சுழற்சி. பூமியின் அச்சு, ஓயப்போகிற பம்பரத்தின் தலை மாதிரி மெதுவாக வட்டமிடுகிறது. ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. எங்கட பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்துக் கணிக்கிறது, சமநாள் அதை விட்டு விலகிக்கொண்டே போகிறது. ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சேர்ந்த விலகல்தான் அந்த மூன்றரைக் கிழமை இடைவெளி.

வருடப் பெயர்கள் 60. பிரபவ தொடங்கி அட்சய வரை. வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம், சனிக்கு ஏறக்குறைய 30 வருடம். 60 வருடத்தில் இரண்டும் பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் திரும்புகின்றன. ஆகவேதான் ஒருவர் தான் பிறந்த வருடப் பெயரை மறுபடியும் காணும்போது அறுபதாம் கலியாணம் செய்கிறோம். இப்போது நடக்கும் வட்டம் 1987இல் தொடங்கியது. 1983 சித்திரையில் பிறந்த வருடத்தின் பெயர் ருத்ரோற்காரி. அந்த வருடத்து ஆடியில் நடந்ததை இந்த மலரைப் படிக்கிற எவருக்கும் எழுதிக் காட்டத் தேவையில்லை. அதே பெயர் 2043இல் திரும்பி வரும். பெயர் திரும்பும். போன ஆக்களும், எரிந்த வீடுகளும், யாழ்ப்பாண நூலகத்தில் 1981இல் எரிந்த ஏடுகளும் திரும்பா. வட்டம் என்றால் எல்லாம் திரும்பும் என்று நினைப்பது தவறு. திரும்புவது நாள் மட்டும்தான்.

தோட்டமும் பட்டியும்

இனி மனிசர் நடத்துகிற சுழற்சிக்கு வருவோம். இங்கிலாந்தில் பழைய காலத்தில் ஊர் வயலை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் மாரிப் பயிர், ஒன்றில் வசந்தப் பயிர், ஒன்றைத் தரிசு என்று மாற்றி மாற்றி விட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் நோர்ஃபோக் பக்கத்தில் கோதுமை, டேர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் புல் என்ற நாலு வருட வரிசை பரவியது. அரசியலை விட்டு 1730இல் ஊர் திரும்பிய டவுன்ஷென்ட் பிரபு அதைப் பெரிதாகப் பரப்பியதால் அவருக்கு "டேர்னிப்" டவுன்ஷென்ட் என்றே பட்டப்பெயர். குளோவர் ஏன் நிலத்தைத் தேற்றுகிறது என்பதை 1880களில்தான் ஜெர்மன் விஞ்ஞானிகள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் கண்டுபிடித்தார்கள். அவரையினச் செடிகளின் வேர் முடிச்சுக்குள் இருக்கும் கிருமிகள் காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்து நிலத்துக்குக் கொடுக்கின்றன.

இதெல்லாம் எங்கட கமக்காரருக்குப் புத்தகம் இல்லாமலே தெரிந்த விசயம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை ஐப்பசியில் இருந்து மார்கழி வரைதான். நிலம் துண்டு துண்டு. ஒரு துண்டைத் தரிசாக விட்டால் சாப்பாடு இல்லை. அதனால் தரிசு விடாமல் நிலத்தைத் தேற்றுகிற வழிகளைப் பிடித்தார்கள். பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தார்கள். நெல் வெட்டின வயலில் எள்ளு, பயறு, சணல் விதைத்தார்கள். சணலைப் பூக்கவிட்டு உழுது மண்ணுக்குள் புதைத்தார்கள். திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போன புகையிலைக்கு எருவை அள்ளிக் கொட்டினார்கள். புகையிலை வெட்டின பிறகு அந்த எருவின் மிச்சத்தில் குரக்கன் விளைந்தது. காசுப் பயிர் ஒரு முறை, சாப்பாட்டுப் பயிர் ஒரு முறை.

பட்டி அடைக்கிறதை இங்கே பிறந்த பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்காது. மாட்டையோ ஆட்டையோ ஒரு தோட்டத்தில் இராமுழுதும் கட்டி வைப்பார்கள். அதன் சாணமும் மூத்திரமும் அந்த நிலத்துக்குச் சேரும். அடுத்த இரவு அடுத்த துண்டு. பயிரும் சுற்றியது, பட்டியும் சுற்றியது. தமிழ்நாட்டில் இதைக் கிடை போடுவது என்பார்கள்.

பங்குக் கிணறு

முறை என்ற சொல் முழு உருவத்தோடு நின்ற இடம் தோட்டக் கிணறு. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே, உப்புத் தண்ணியின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய நல்ல தண்ணிப் படை. அதுதான் குடாநாட்டின் சொத்து. ஒரு கிணறு வெட்டுவது பெரிய செலவு. ஆகவே பலர் பங்கு சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது பங்கும் பிரிந்தது. உறுதியை எடுத்துப் பார்த்தால் காணியின் பரப்போடு கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எழுதியிருக்கும். கூட்டுச் சொத்துக்காரருக்கு முதலில் கேட்டுவிட்டுத்தான் பிறத்தியாருக்கு விற்கலாம் என்பதும் எங்கட வழக்கம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து எழுதுவித்த தேசவழமையில் அது இருக்கிறது. அந்த முன்விலை உரிமைக்கு 1947இல் தனிச் சட்டமும் வந்தது.

பங்கு என்றால் நாள். எட்டில் ஒரு பங்கு உள்ளவருக்கு எட்டு நாளைக்கு ஒருக்கால் இறைப்பு முறை. துலாக் காலத்தில் விடியப்புறம் எழும்பி, ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். மூன்று பேர் இல்லாமல் இறைப்பு இல்லை. ஆகவே இன்று என்னுடைய முறைக்கு நீ வந்தால், நாளை உன்னுடைய முறைக்கு நான் வரவேணும். முறை என்ற சொல்லுக்குள் உறவு ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். பிறகு தண்ணி இறைக்கும் மிசின் வந்தது. ஒருவர் தனியாக இறைக்கலாம் என்று ஆனது. நல்லதுதான், துலாவில் இருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. ஆனால் மிசின் வேகத்துக்கு இறைக்க இறைக்க உப்புத் தண்ணி மேலே வரத் தொடங்கியதும் உண்மை. துலாக் காலத்தில் முறை மனிசரை மட்டுமல்ல, கிணற்றையும் காப்பாற்றியது. ஊறுவதற்கு அதற்கு நேரம் கிடைத்தது.

முறைக்கு வெளியே நின்றவர்கள்

பழசு எல்லாம் பொன் என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது. அந்த முறை எல்லாருக்கும் வரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதி என்று ஒதுக்கப்பட்ட சனம் பல ஊர்களில் கிணற்றுக் கட்டில் ஏறவே விடப்படவில்லை. யாரும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்னாருடைய உபயம் என்று முறை இருந்தது. வீதிக்கு உள்ளே வரமுடியாதவர்களுக்கு ஒரு நாளும் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. உள்ளுக்கு இருந்தவர்களுக்குள் முறை மிக நேர்த்தியாக நடந்தது. யார் உள்ளுக்கு என்பதில்தான் முறை தவறியது.

தமிழ்நாட்டுச் சரித்திரத்திலும் இதே இரண்டு பக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் வைகுந்தப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்துக்குள் போட்டு, ஒரு சிறு பையனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள். பதவிக் காலம் 360 நாள். முந்தின மூன்று வருடத்துக்குள் வாரியம் செய்தவருடைய பெயர் குடத்துக்குள் போகாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் போகாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது! ஆனால் அது ஒரு பிராமண ஊர்ச்சபை. காணி உள்ளவர், வேதம் படித்தவர், ஆண்கள்தான் குடத்துக்குள் பெயர் போடலாம். பதவி சுழன்றது, ஒரு சிறு வட்டத்துக்குள்.

அந்த வட்டத்தைப் பெருப்பிக்க ஆயிரம் வருடம் எடுத்தது. சென்னை மாகாணத்தில் 1920களின் கடைசியில், முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது, அரச வேலைகளில் 12 இடத்தை ஒரு சுற்றாக வைத்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று நடைமுறைப்படுத்தினார்கள். "இனச்சுழற்சி" என்ற சொல் அங்கே இன்றைக்கும் அரசாணைகளில் உண்டு. 1992இல் செய்த இந்திய அரசியலமைப்புத் திருத்தம் பஞ்சாயத்துத் தலைவர் பதவியையும் சுழற்சியில் ஒதுக்கச் சொன்னது. அப்படி 1996இல் தலித் மக்களுக்கு முறை வந்தபோது, மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் என்ற நாலு ஊரிலும் ஆதிக்க சாதியார் விடவில்லை. போட்டியிட ஆளில்லாமல் செய்தார்கள். நிற்க வைத்தவர்களை வென்ற கையோடு விலக வைத்தார்கள். 2006இல்தான் அங்கே ஒழுங்கான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் இருந்தார்கள். காகிதத்தில் சுழற்சி வந்து பத்து வருடம் கழித்துத்தான் முறை வந்தது. பூமிக்கு ஆள் தேவையில்லை. முறைக்கு ஆள் வேணும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பதவி சுழலுவது உலகத்தில் புதுமை இல்லை. எங்கட சனம் நிறைய வாழும் சுவிற்சர்லாந்தில் ஏழு அமைச்சர்கள், வருடத்துக்கு ஒருவர் முறைப்படி சனாதிபதி. மலேசியாவில் 1957 தொடக்கம் ஒன்பது அரசர்கள், ஐந்து வருடத்துக்கு ஒருவர் மாமன்னர்.

சீட்டு

வெறுங்கையோடு வந்து இறங்கிய எங்களை இந்த நாட்டில் நிமிர்த்தியது எது என்று கேட்டால், வேலைக்கு அடுத்ததாகச் சீட்டைத்தான் சொல்லவேணும். வங்கியில் கடன் கேட்கப் பழைய கணக்கு இல்லை, சிலருக்கு விசாவும் முடிவாகவில்லை. 10 பேர் சேர்ந்து மாதம் 100 பவுண் போட்டால் 1,000 பவுண். குலுக்குச் சீட்டு என்றால் பெயர் விழுந்தவருக்கு. ஏலச் சீட்டு என்றால் அவசரக்காரர் 150 பவுண் கழிவு விட்டு 850க்கு எடுப்பார். அந்த 150ஐ 10 பேருக்கும் பிரித்தால் அந்த மாதம் ஆளுக்கு 85 பவுண் கட்டினால் போதும். முதலில் எடுத்தவருக்கு அது கடன். கடைசியில் எடுத்தவருக்கு அது சேமிப்பு. ஒரே சீட்டு, ஆளாளுக்கு வேறு பயன்.

இலங்கையில் சீட்டுக்கென்று 1935இலேயே சட்டம் செய்தார்கள். மானிடவியல் அறிஞர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1962இல் எழுதிய கட்டுரையில் இவ்வகைச் சங்கங்களுக்குச் சுழல் கடன் சங்கம் என்ற பெயரைப் பிரபலமாக்கினார். 1964இல் ஷேர்லி ஆர்டனர் பல நாட்டு வழக்கங்களை ஒப்பிட்டு எழுதினார். வங்கிகள் வளர இவை மறைந்துபோகும் என்பது கீர்ட்சின் கருத்து. ஆனால் லண்டனிலேயே அது மறையவில்லை. 1948இல் இருந்து வந்து பிரிக்ஸ்டனில் குடியேறிய ஜமேக்கர்கள் "பார்ட்னர்" என்று இதையே நடத்தி, வாடகைக்கு அறை கிடைக்காத காலத்தில் வீட்டுக்கு முற்பணம் சேர்த்தார்கள். சோமாலியர், எத்தியோப்பியர், கானா நாட்டவர் எல்லாரிடமும் உண்டு. நோர்பரியில் இருந்து பிரிக்ஸ்டனுக்குப் போகிற ஏ23 வீதி நெடுக எத்தனை மொழியில் சீட்டு நடக்கிறது என்று ஆர் கண்டது!

சீட்டில் எழுத்து இல்லை, சட்டத்தரணி இல்லை. தாச்சியின் நாணயமும், எடுத்தவர் தொடர்ந்து கட்டுவார் என்ற நம்பிக்கையும்தான். எடுத்துப்போட்டு ஓடியவர்களால் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன, தாச்சிமார் வீடு விற்றுக் கட்டியிருக்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் சீட்டு முறிவது ஒரே இடத்தில்தான். தன் முறையை எடுத்த ஒருவர் மற்றவருடைய முறைக்குத் தன் பங்கைக் கொடுக்காதபோது.

எங்கட கையில் இருக்கும் இரண்டு முறை

இத்தனை சரித்திரத்தையும் எழுதியதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, ஊர்க் கிணறு. 1990இல் வலிகாமம் வடக்கிலும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலும் சனம் எழும்பியபோது இறைப்பு முறை அறுந்தது. இன்று ஒரு கிணற்றுப் பங்குக்காரர் நோர்பரியில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் மட்டும் ஊரில் நின்று தோட்டம் செய்கிறார். உறுதியில் பதினாறில் ஒரு பங்கு என்று இருப்பது எந்தக் கிணறு, வாய்க்கால் எந்த எல்லையால் போகிறது, எட்டு நாளில் எந்த நாள் எங்கட நாள் என்பது பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சித்திரைக்கு ஒரு கொப்பி எடுத்து அதை எழுதி வையுங்கோ. உரிமை கேட்டுச் சண்டை போடுவதற்கு அல்ல. ஊரில் நிற்கிறவருக்கு "எங்கட முறையையும் நீங்களே இறையுங்கோ" என்று மனப்பூர்வமாகச் சொல்லுவதற்கும் முதலில் எங்கட முறை எது என்று தெரிந்திருக்க வேணும்.

மற்றது, எங்கட பொது வேலைகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, முதியோர் மதியச் சாப்பாடு, கடிதம் நிரப்பிக் கொடுக்கிற உதவி, செத்தவீட்டு ஒழுங்கு எல்லாவற்றையும் 1980களிலும் 90களிலும் தொடங்கியவர்கள் குளிரிலும் இரண்டு வேலைக்கு நடுவிலும் நின்று கட்டினவர்கள். அவர்களுக்கு இந்தச் சனம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் எத்தனையோ தமிழ் அமைப்புக்களில் இருபது வருடமாக அதே தலைவர், அதே பொருளாளர், அதே திறப்பு. "பொடியள் முன்னுக்கு வருகுதுகள் இல்லை" என்று நாங்கள் சொல்கிறோம். "விட்டால்தானே வருவம்" என்று அவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. முறை வரும்போது எடுக்காதவரும் முறையைக் கெடுக்கிறார், முடிந்தபோது விடாதவரும் கெடுக்கிறார். உத்தரமேரூர்க்காரர் இதை ஆட்களின் நல்ல மனதுக்கு விடவில்லை. கல்லில் வெட்டினார்கள். நாங்கள் யாப்பில் ஒரு வரி எழுதினால் போதும். தொடர்ந்து இத்தனை வருடம் இருந்தவர் இத்தனை வருடம் ஆறியிருந்து வரவேணும் என்று. அதோடு, முந்தி ஊரில் கிணற்றுக் கட்டுக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகளும், கூட்டத்தில் தேத்தண்ணி ஊற்றுவதோடு நிறுத்தப்படுகிற பெண்களும், இங்கே பிறந்து தமிழ் தடக்குகிற பிள்ளைகளும் குடத்துக்குள் பெயர் போடத் தகுதியானவர்கள் என்று இன்னொரு வரி.

நல்ல கமக்காரன் ஒரே நிலத்தில் ஒரே பயிரை வருடா வருடம் வைப்பதில்லை. பயிர் கூடாதது என்பதற்காக அல்ல, நிலம் களைத்துவிடும் என்பதற்காக. நின்ற பயிரின் எருவில்தான் அடுத்தது விளைகிறது. ஆகவே விலகி நிற்கிற பெரியவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

பூமி தன்பாட்டில் சுழன்று இன்னொரு சித்திரையைக் கொண்டு வந்திருக்கிறது. மிச்சச் சுழற்சிகள் எங்கட கையில். எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.